பாண் பெட்டியும் அலுமினியப் பெட்டியும்: படுவான்கரை பாரம் கட்டின கதை

மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் போக ஆசைப்படுகிற ஆக்கள் எங்கட கூட்டத்தில் இப்ப கூடிப்போச்சு. வவுணதீவில் வெளிக்கிட்டு, கரடியனாற்றில் பதுளை வீதியைப் பிடித்து, மகாஓயா தாண்டி மலை ஏறுகிற திட்டம் வருசத்துக்கு ஒருக்காவாவது போடப்படும். திட்டம் போட்ட உடனே வாற முதல் கேள்வி, சாமானை எதுக்குள்ள வைக்கிறது எண்டதுதான். பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட அலுமினியப் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா, இல்லாட்டி துணிப்பையா?

இதுக்குப் பதில் சொல்ல இணையத்தில் ஆயிரம் காணொளி இருக்கு. அநேகமானவை அல்ப்ஸ் மலையையும் ஆபிரிக்கப் பாலைவனத்தையும் நினைத்துச் சொல்லப்பட்ட பதில்கள். எங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கு. வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், இரண்டு சில்லில் பாரம் ஏத்தித்தான் பல தலைமுறை சீவித்தது. பால், நெல், யூரியா, விறகு, மீன், பிள்ளை, சில வேளை முழு வீடும் சைக்கிள் கரியரில் போயிருக்கு. பெட்டி வாங்குகிற ஆள் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு: எவ்வளவு பாரம், எவ்வளவு அகலம், தண்ணி போகுமா, பூட்டலாமா. நாலுக்கும் இந்த மண்ணில் ஒரு சரித்திரம் இருக்கு. அதைத்தான் இங்க எழுதுகிறோம்.

சொல்லுக்குள் இருக்கிற பாண்

மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'பன்னியர்' எண்டு பேர். அது பிரெஞ்சு மொழியில் கூடையைக் குறிக்கிற 'பனியே'யில் இருந்து வந்தது. அதுக்கும் மூலம் லத்தீன். லத்தீனில் 'பனிஸ்' எண்டால் பாண். (எங்கட பேக்கரியில் விக்கிற பணிஸ் வேற, அது ஆங்கிலத்து 'பன்'.) அப்ப பன்னியர் முதலில் பாண் கொண்டு போற கூடை. மறுகா, கழுதைக்கும் குதிரைக்கும் இரண்டு பக்கமும் சோடியாகத் தொங்கவிடுகிற கூடைக்கு அந்தப் பேர் போனது. அங்கிருந்து சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது.

அதே லத்தீன் சொல்தான் போர்த்துக்கீச மொழியில் உருமாறி, போர்த்துக்கேயரோடு கப்பலேறி இலங்கைக்கு வந்து, எங்கட வாயில் 'பாண்' ஆனது. போர்த்துக்கேயர் 1628ல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்து வருசத்தில், 1638ல், ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டை கைமாறினது, பாண் மட்டும் பாணாகவே நிண்டுட்டுது. ஆகவே விடியக்காலையில் பின் கரியரில் பெரிய பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹோன் அடித்துக்கொண்டு ஊருக்குள்ள வாற பாண்கார அண்ணனின் பெட்டிக்கும், ஜெர்மனியில் செய்து லட்சக் கணக்கில் விலை சொல்லுகிற அலுமினியப் பன்னியருக்கும் சொல்லளவில் ஒரே பூட்டன்தான்.

உலகம் பெட்டி செய்த விதம்

மோட்டார் சைக்கிள் வந்த காலத்தில் அதில் சாமான் கொண்டு போனது குதிரைச் சேணத்தில் தொங்கின தோல் பைகளின் மாதிரியில்தான். இரண்டு உலகப் போரிலும் தகவல் கொண்டு ஓடின படையினரின் வண்டிகளில் தோலும் கான்வாசும் சேர்ந்த பைகள் தொங்கின. வளையாத பெட்டி பரவலானது போருக்குப் பிறகு, ஐரோப்பாவில் சாதாரணத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கத் தொடங்கின காலத்தில். 1950களில் இங்கிலாந்தில் கென் கிரேவன் போன்றவர்கள் விடுமுறைப் பயணத்துக்கெண்டே பெட்டிகள் செய்து வித்தார்கள். 1970களில் ஜெர்மனியின் கிரவுசர் நிறுவனம் வண்டியில் இருந்து கழற்றிக் கையில் சூட்கேஸ் மாதிரிக் கொண்டு போகக்கூடிய பிளாஸ்டிக் பெட்டிகளைப் பிரபலமாக்கியது. 1978ல் இத்தாலியில், பந்தய ஓட்டுநராக இருந்த ஜுசெப்பே விசென்சி தன்ர பேரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஜிவி' நிறுவனத்தைத் தொடங்கினார். இண்டைக்கு உலகம் முழுக்கத் தெரிகிற பிளாஸ்டிக் மேல்பெட்டி அந்த வழியில் வந்தது.

அலுமினியத்தின் கதை வேற. 1980ல் பி.எம்.டபிள்யூ 'ஆர் 80 ஜி/எஸ்' எண்ட வண்டியை வெளியிட்டது. மண் றோட்டுக்கும் தார் றோட்டுக்கும் ஒரே வண்டி எண்டது அதின்ர கருத்து. அடுத்த வருசம், 1981ல், ஹூபேர் ஒரியோல் அந்த வகை வண்டியில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தை வெண்டார். அதைப் பார்த்த ஆக்களுக்கு சகாரா ஆசை பிடித்தது. பந்தயக்காரனுக்குப் பின்னால் சாமான் ஏத்தின லொறி வரும், தனியப் போறவனுக்கு வராது. அவன் தன்ர கூடாரம், சமையல் அடுப்பு, உதிரிப்பாகம் எல்லாத்தையும் தானே கொண்டு போகவேணும். விழுந்தாலும் உடையாமல், நெளிஞ்சால் கல்லால் தட்டி நிமிர்த்தக்கூடிய பெட்டி தேவைப்பட்டது. 1990ல் ஜெர்மனியில் தொடங்கின டூராடெக் போன்ற நிறுவனங்கள் அலுமினியப் பெட்டியை ஒரு பெரிய வியாபாரமாக்கின.

மறுகா 2004ல் நடிகர் யூவன் மெக்கிரகரும் சார்லி போர்மனும் லண்டனில் இருந்து நியூயோர்க் வரை கிழக்கு நோக்கி ஓடின 'லோங் வே ரவுண்ட்' தொடர் வந்தது. பெட்டி கட்டின பெரிய பி.எம்.டபிள்யூ எண்டாலே சாகசம் எண்ட படம் எங்கட தலைமுறையின் மண்டைக்குள்ள அப்பத்தான் குடியேறினது. ஆனா அந்தத் தொடரிலேயே இன்னொரு பாடமும் இருக்கு. கூட ஓடின ஒளிப்பதிவாளர் கிளவுடியோ வொன் பிளான்டாவின் பாரமேற்றின வண்டியின் சட்டம் மொங்கோலியாவில் உடைஞ்சுபோச்சு. அவர் அங்க வாங்கின சின்ன ரஷ்ய வண்டி ஒன்றில், ஒரு 'இஷ் பிளனெட்டா'வில், பயணத்தைத் தொடர்ந்தார். சேற்றுக்குள்ள அந்தப் பாரமில்லாத வண்டி மற்ற இரண்டு பெரிய வண்டிகளையும் விட லேசாப் போச்சு.

அதுக்கு முப்பது வருசத்துக்கு முன்னம், 1973ல், டெட் சைமன் 500 சி.சி. ட்ரையம்ப் ஒன்றில் லண்டனில் இருந்து வெளிக்கிட்டு, நாலு வருசத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடி முடித்தார். இண்டைய கணக்கில் அது பயண வண்டியே இல்லை.

ஆசியாவின் பதில் இன்னும் எளிமையானது. ஹொண்டா 1958ல் 'சுப்பர் கப்' வண்டியைக் கொண்டுவந்தபோது, ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைத் தாங்கிக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்கவேணும் எண்டு சொயிச்சிரோ ஹொண்டா கேட்டாராம். அதனால்தான் அதில் கையால் பிடிக்கிற கிளச் இல்லை. சாமான் கொண்டு போற தேவையில் இருந்தே பிறந்த மோட்டார் சைக்கிள் அது. 2017ல் அந்த வகை வண்டிகளின் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டினது. எங்கட அப்பாமார் ஓடின 'சி 50', 'சி 90' எல்லாம் அந்தக் குடும்பம்தான்.

பாதை எண்டால் படகு

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கு. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பெரிய சந்தை, கடல் எல்லாம் எழுவான்கரையில். வயல், மாடு, குளம், காடு படுவான்கரையில். நெல்லும் பாலும் அங்கால போகவேணும், மீனும் மண்ணெண்ணெயும் மருந்தும் இங்கால வரவேணும். இடையில் தண்ணி.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு சொல் விளக்கம். மட்டக்களப்பில் 'பாதை' எண்டால் சில இடத்தில் றோட்டு இல்லை. ஆக்களையும் வாகனத்தையும் ஏத்திக் கரை கடத்துகிற தட்டையான படகுக்கு அந்தப் பேர். மண்முனைத் துறையில் 2014ல் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆக்கள் பாதையில்தான் கடந்தார்கள். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும், குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை ஓடுகிற வாவி இது. வவுணதீவுக்காரருக்கு வலையிறவுப் பாலம் வாய்த்தது. எழுவான்கரையிலும் நிலைமை பெரிசா வேறயில்லை. கல்லடியில் 1924ல் கட்டின லேடி மனிங் இரும்புப் பாலம் ஒற்றை வழி. பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது 2013ல்தான்.

அகலம் எண்ட கேள்வி இங்கதான் வருகுது. பக்கப் பெட்டி இரண்டும் பூட்டின பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலம் பிடிக்கும். ஹாண்டில் போற இடத்தால் பின்பக்கம் போகாது. பாதையில் ஆக்களுக்கு நடுவில் வண்டியை நெருக்கி நிப்பாட்டின ஆளுக்கும், வயல் வரம்பால் சைக்கிள் உருட்டின ஆளுக்கும் இது சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அதனால் எங்கட ஆக்கள் பாரத்தை அகலத்துக்குக் கட்டாமல், நீளத்துக்கும் உயரத்துக்கும் கட்டினார்கள். மூடை கரியரில் குறுக்கே கிடக்காது, நெடுக்கே கிடக்கும். இன்னொரு மூடை சீற்றுக்கு முன்னால், பாருக்குக் குறுக்கே செருகப்படும். அந்த நேரம் சைக்கிளை ஓட ஏலாது, உருட்டத்தான் ஏலும். 1954ல் வியட்நாமில், தியன் பியன் பூ சண்டைக்கு, இருநூறு கிலோவுக்கு மேல் கட்டின சைக்கிள்களை மலைப்பாதையில் உருட்டிக்கொண்டு போனார்கள் எண்டு உலகம் வியக்கும். உன்னிச்சைப் பக்கம் விறகு கட்டி உருட்டிக்கொண்டு வந்த ஆக்களுக்கு அந்தப் படம் புதிசா இருக்காது.

ஐம்பது கிலோ யூரியா பை

பாரத்தின் கணக்குக்கு வருவம். யூரியா ஒரு பை 50 கிலோ. பால் ஒரு லீற்றர் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. இருபது லீற்றர் கான் இரண்டைப் பக்கத்துக்கு ஒன்றாக் கொழுவினால், கானின் பாரத்தையும் சேர்த்து நாற்பத்தைந்து கிலோ வரும். ஆயித்தியமலை, கன்னங்குடா, கரவெட்டிப் பக்கங்களில் விடியமுன்னம் பால் சேர்த்த அண்ணன்மார் இதைத் தினமும் செய்தார்கள். அவங்கட கட்டுமுறையைக் கவனித்துப் பார்த்தால், வெளிநாட்டுக் கையேடுகள் இண்டைக்குச் சொல்லுகிற விதி எல்லாம் அதில் இருக்கு.

முதலாவது, சமம். ஒரு பக்கக் கானில் மட்டும் பால் நிரம்பினால் வண்டி இழுக்கும். அதால் இரண்டையும் மாறி மாறித்தான் நிரப்புவார்கள். இரண்டாவது, பாரம் கீழ. கான் கரியருக்கு மேல இருக்காது. இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கொழுக்கியில் அச்சாணி உயரத்துக்கு இறங்கித் தொங்கும். மூன்றாவது, பாரம் முன்னுக்கு. பின் அச்சுக்குப் பின்னால் பாரம் போகப் போக முன்சில்லு நிலத்தைப் பிடிக்காது, மணலில் ஹாண்டில் ஆடும். நாலாவது, அசையக் கூடாது. பால் அரைவாசி நிரம்பின கான் நிறைஞ்ச கானை விடக் கரைச்சல், உள்ளுக்குள்ள அலம்பி வண்டியையும் ஆட்டும்.

கட்டுகிற கயிறு பழைய ட்யூப். ட்யூபை நீளமா, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டினால் கிடைக்கிற றப்பர் நாடா இழுபடும், ஆனா தளராது. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது பாரத்தோடு சேர்ந்து அசைஞ்சு திரும்பவும் இறுக்கிப் பிடிக்கும். இண்டைக்குப் பயணக்காரருக்கெண்டு நல்ல விலைக்கு விக்கிற றப்பர்ப் பட்டி செய்கிற வேலை அதுதான்.

தண்ணிக்கும் பதில் இருந்தது. ஐப்பசி கடைசியில் தொடங்கித் தை வரைக்கும் எங்களுக்கு மாரி. 2011 தையில் வந்த வெள்ளத்தில் படுவான்கரை றோட்டும் வயலும் ஒண்டாப் போனதை எங்களில் பலர் சின்னப் பிள்ளையளாப் பார்த்தம். இப்படியான மாரியில் புத்தகம், உடுப்பு, நெல், சீனி எல்லாத்தையும் காப்பாத்தினது வெறும் யூரியா பை. வெளியில் நெய்த பிளாஸ்டிக், உள்ளுக்குள்ள இன்னொரு பொலித்தீன் உறை. வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் தண்ணி போகாது. உருட்டி மூடுகிற வாயோடு வாற விலை கூடின பயணப் பைகளின் தத்துவமும் இதே. ஓலை உமலும் பன் பெட்டியும் இருந்த இடத்துக்கு உரத்தோடு சேர்ந்து இந்தப் பை வந்தது. உரம் வயலுக்குப் போனது, பை வீட்டில் தங்கினது.

பூட்டு

நாலாவது கேள்விதான் கனமானது.

வளையாத பெட்டி வாங்குகிற ஆள் அதுக்குச் சொல்லுகிற முதல் காரணம் பூட்டு. சாமானை உள்ளுக்கு வைத்து, பூட்டி, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போகலாம். உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு ஒருத்தரும் பார்க்க ஏலாது. சரி. ஆனா உள்ளுக்கு என்ன இருக்கு எண்டு தெரியாத பெட்டி ஒன்றை வலையிறவுப் பாலத்தால் கொண்டு போக ஏலாத காலம் ஒன்று இந்த ஊருக்கு இருந்தது.

1990 ஆனியில் திரும்பவும் போர் தொடங்கினது. மறுகா நீண்ட காலம் மட்டக்களப்பு நகரம் படையினரிடம், படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம். அரசாங்கத்தின் மொழியில் எங்கட பக்கம் 'கட்டுப்பாடற்ற பகுதி'. வாவிதான் எல்லை, பாலமும் துறையும் வாசல். பற்றறி, எரிபொருள், யூரியா, சீமெந்து மாதிரியான சாமான்கள் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உள்ளாயின. செக்பொயின்ட் வரும்போது இறங்கி உருட்டவேணும். பையைத் திறக்கவேணும், கொட்டிக் காட்டவேணும். இங்கால வந்தால் புலிகளின் சென்றி, அவங்கட கேள்வி, சாமானுக்கு அவங்கட வரி.

அந்தக் காலத்தில் ஓடின பெரியப்பாமாரிடம் கட்டுகிற முறையைக் கேட்டால், பாரத்தையோ அகலத்தையோ பற்றிப் பேசுகிறதுக்கு முன்னம் இதைத்தான் சொல்வார்கள்: "தம்பி, திறக்கச் சொன்னா உடனே திறக்கக்கூடிய மாதிரிக் கட்டோணும்." முடிச்சு ஒரே இழுவையில் அவிழவேணும். பையின் வாய் மேலே இருக்கவேணும். மருந்துத் துண்டும் அடையாள அட்டையும் சட்டைப் பையில் இருக்கவேணும், பெட்டியின் அடியில் இல்லை. மூடி இல்லாத கூடை நல்லது, தூரத்திலேயே உள்ளுக்கு இருக்கிறது தெரிஞ்சால் இன்னும் நல்லது. திறக்கச் சுணங்கின ஒரு முடிச்சால் வெயிலில் ஒரு மணித்தியாலம் நிக்கவேண்டி வரலாம். அதை விடப் பெரிய விலையும் கொடுக்கவேண்டி வரலாம். சாமான் கட்டுகிற கலையைத் திருடனும் மழையும் தீர்மானிக்கிற நாடுகள் இருக்கு. இங்க அதைத் தீர்மானித்தது சென்றி.

அதே 1990ல் இன்னொரு போக்குவரத்தும் அறுந்தது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகள் புடைவையும் பாத்திரமும் கட்டிக்கொண்டு படுவான்கரைக்குள்ள வீடு வீடா வந்து கடனுக்கும் கொடுத்துவிட்டு, வெள்ளாமை வெட்டின பிறகு காசு வாங்கின காலம் இருந்தது. பொட்டணி வியாபாரம் எண்டு சொல்வம். அந்த ஆவணியில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், புரட்டாதியில் சத்துருக்கொண்டானிலும் நடந்த படுகொலைகளுக்குப் பிறகு யாரும் யாருடைய ஊருக்குள்ளயும் பொட்டணி அவிழ்க்க ஏலாமல் போச்சு. போர் முடிஞ்ச பிறகு அந்த வியாபாரம் மோட்டார் சைக்கிளில் திரும்பவும் வந்தது. முந்தின மாதிரி எல்லா வீட்டுப் படியிலும் அது அவிழ்கிறதில்லை.

2007 பங்குனியில் படுவான்கரையை விட்டு ஆக்கள் வாவி கடந்து ஓடின நாட்களில், மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினது. சைக்கிள் இருந்தவர்கள் கரியரில் என்னத்தை ஏத்துறது எண்டு சில நிமிசத்தில் தீர்மானித்தார்கள். அரிசி, பாய், பிறப்புப் பத்திரம், உறுதி, சட்டி, நடக்க ஏலாத அம்மா. ஆடியில் குடும்பிமலை வீழ்ந்ததோடு கிழக்கில் போர் முடிஞ்சதாக அரசாங்கம் அறிவித்தது. திரும்பி வந்த பலருக்கு மாடும் இல்லை, கூரையும் இல்லை. அண்டைக்குக் கரியரில் ஏத்தினது மட்டும் மிச்சம். பயணத்துக்கு என்ன கொண்டு போகவேணும் எண்டு இணையத்தில் வாற பட்டியல்களைப் பார்க்கும்போது எங்களுக்கு இந்தப் பட்டியல்தான் நினைவுக்கு வரும்.

பூட்டின பெட்டியின் மேலுள்ள சந்தேகம் 2007ஓட முடியவில்லை. 2018 நவம்பர் 30 அண்டு வவுணதீவில் காவல் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். முதலில் சந்தேகம் விழுந்தது முன்னாள் போராளிகள் மேல். அடுத்த வருசம் ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அண்டு நாட்டின் பல இடங்களோடு மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்து, குழந்தைகளும் பெரியவர்களும் செத்த பிறகுதான், பொலிஸாரைக் கொன்றதும் அதே கூட்டம் எண்டு வெளியில் வந்தது. அந்தக் குண்டு முதுகுப்பை ஒன்றில் வந்தது. மறுகா பள்ளிக்கூட வாசலிலும் கோயில் வாசலிலும் பிள்ளையளின் புத்தகப்பை திறக்கப்பட்டது. எங்களில் சிலர் அப்ப ஏ.எல். படித்துக்கொண்டிருந்தம். அம்மாமார் திரும்பவும் பழைய புத்திமதியைச் சொன்னார்கள்: திறக்கச் சொன்னா உடனே திற.

அதால்தான், பூட்டுப்போட்ட பெட்டி ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொண்டு, பாலத்தால் ஒருத்தரும் மறிக்காமல் போய் வாறது எங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியவில்லை. வேற ஊரில் அது வெறும் வசதி.

இப்ப என்ன வாங்குறது?

போருக்குப் பிறகு றோட்டுகள் திருந்தின, பாலங்கள் வந்தன, லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வீடு வந்தது. சைக்கிளில் பழகின கட்டுமுறை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு ஏறினது. மீன்கார அண்ணன்மாரின் பின்சீற்றில் றெஜிபோம் பெட்டி, பால்கார அண்ணன்மாருக்கு அதே இரும்புக் கொழுக்கி. 2022ல் எரிபொருள் இல்லாமல் போய், ஆடியில் கியூ.ஆர். முறை தொடங்கினபோது, ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். அப்ப சைக்கிள்கள் திரும்பவும் வெளியில் வந்தன. தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் பெற்றோல் குடிக்கும் எண்ட கணக்கு அப்ப எல்லாருக்கும் மனப்பாடம்.

இவ்வளவையும் வைத்து எங்கட தீர்மானத்தைச் சொல்லுகிறம்.

ஒன்று, பெட்டியின் வெறும் பாரத்தை முதலில் கேளுங்க. அலுமினியப் பெட்டி இரண்டும் அதைத் தாங்குகிற சட்டமும் சேர்ந்து, உள்ளுக்கு ஒரு சட்டைகூட வைக்கமுதலே, பதினைஞ்சு கிலோவை எட்டும். யூரியா பையில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய வண்டிக்கு அது பெரிசில்லை. நாங்க ஓடுகிற 100, 150 சி.சி. வண்டிக்கு, பின்னால் ஒரு ஆளும் ஏறினால், அது பெரிசு. வண்டிக் கையேட்டில் தாங்கக்கூடிய மொத்தப் பாரம் எழுதியிருக்கும். அதில் ஓடுகிற ஆளின் நிறையும் அடங்கும்.

இரண்டு, எங்க ஓடப் போறீங்க எண்டு பாருங்க. தார் றோட்டில் மலைநாட்டுக்குப் போய் வாறதெண்டால் வளையாத பெட்டி நல்லது: மழைக்கும் தூசிக்கும் காப்பு, பூட்டும் இருக்கு. உன்னிச்சைக் குளத்துக்கு அங்கால கிரவலிலும் மணலிலும் விழுந்தெழும்பி ஓடுறதெண்டால் பக்கத்துக்குத் துணிப்பைதான் நல்லது. மெதுவா விழுகிறபோது கால் பெட்டிக்குக் கீழ அகப்பட்டால் எலும்பு முறியும். துணிப்பை நசுங்கும், காலை முறிக்காது. ஆனா பை சைலன்சரில் முட்டினால் எரியும். அதுக்கு இடையில் ஒரு தகரம் வையுங்க.

மூன்று, சட்டம் இரும்புக் குழாயில் இருக்கட்டும். பெட்டி உடைவதை விட, பெட்டியைத் தாங்குகிற சட்டம் உடைவது கூட. இரும்பை எந்தச் சந்தியில் உள்ள வெல்டிங் கடையிலும் ஒட்டலாம். அலுமினியத்தை ஒட்ட வேற மெசினும் வேற கைப்பழக்கமும் வேணும். ஒட்டுகிறதுக்கு முன்னம் பற்றறி வயரைக் கழற்றிப்போட மறக்காதீங்க. இல்லாட்டி வண்டியின் மின் சாமான்கள் பழுதாகலாம்.

நாலு, பால்கார அண்ணன்மாரின் விதி. பாரமானது கீழ, முன்னுக்கு, இரண்டு பக்கமும் சமமா. ஆவிச்சட்டியும் உதிரிச் சாமானும் பக்கத்தில். மேல்பெட்டிக்குள்ள மழைக்கோட்டும் பத்திரமும் மாதிரி லேசான சாமான் மட்டும். எந்தப் பெட்டிக்குள்ள வைத்தாலும் உடுப்பையும் புத்தகத்தையும் உள்ளுக்கு ஒரு பொலித்தீனில் சுத்துங்க. தண்ணியே போகாது எண்டு எழுதின பெட்டிக்கும் எங்கட மாரி வேற மாரி.

சின்ன வண்டிக்கு நாங்க தெரிவு செய்யிறது: இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் துணிப்பை, மேல பூட்டுப்போட்ட சின்னப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. பெரிய வண்டி வைத்திருக்கிற ஆள், தனியத் தூரம் ஓடுகிற ஆள், கமெராவும் கணினியும் கொண்டு போற ஆள், அலுமினியத்துக்குக் காசு கொடுக்கலாம். அது வீண் இல்லை.

ஒரு வேலையும் தாறம். உங்கட வீட்டுப் பத்தியில் பழைய சைக்கிள் ஒன்று இருந்தால் அதின்ர கரியரைப் பாருங்க. கம்பி நெளிஞ்சிருக்கும், எங்கயோ ஒரு கொழுக்கி கூடுதலா ஒட்டியிருக்கும், ட்யூப் றப்பர் ஒன்று இன்னும் சுத்திக் கிடக்கும். அதில் யார், என்னத்தைக் கட்டி, எங்க கொண்டு போனது, எந்த இடத்தில் அவிழ்க்கச் சொன்னாங்க எண்டு அப்பாவிடம், அம்மாவிடம், பெரியப்பாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்க. படுவான்கரை பாரம் கட்டின கதையின் மிச்சம் உங்கட வீடுகளில்தான் கிடக்கு.